முப்பத்தேழு மேற்கோள்கள்

06.06.2005, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆய்வுகூட மூலையில் ஒழுக்கு. வாளி வைத்தாயிற்று.

இணைப் பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் நிரப்பத் தொடங்கினேன். இத்தனை வருட வேலைக்கு மொத்தம் ஒன்பது கட்டுரைகள். எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. பகுதி ஐந்து: ஒவ்வொரு கட்டுரையையும் மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்? இணையத்தில் தேடினேன். முதலாவது: 2. அடுத்தது: 0. அதற்கடுத்தது: 3. அதில் இரண்டு நானே காட்டியது.

பிறகு கசப்பு மரக் கட்டுரை. 37.

ஏதோ கோளாறு என்று திரும்பத் தேடினேன். அதே 37. போன தடவை பார்த்தபோது நாலுதான் இருந்தது.

கசப்பு மரம் நான் பிறந்த றப்பர் தோட்டத்து ஓடைக்கரையில் நிற்பது. காய்ச்சல் என்றால் அதன் பட்டையை அவித்துக் கொடுப்பார்கள். அந்தப் பட்டையிலிருந்து ருவந்தியும் நானும் ஒரு புது இரசாயனச் சேர்வையைப் பிரித்தெடுத்து, அதன் கட்டமைப்பை எழுதி, வெளிநாட்டு இதழொன்றில் போட்டோம். அப்போது அவள் என் ஆராய்ச்சி மாணவி. இப்போது கனடாவில், பிஎச்டி.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார். "நம்ம பீடத்திலேயே ஒருத்தருக்கும் இவ்வளவு இல்லையே, சரோஜா!" சிங்களத்தில். இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கை கொடுத்தது இன்றுதான்.

பின்னேரம் அண்ணனுக்குப் போன். சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"மேற்கோள்னா என்னா தங்கச்சி?"

"மத்த விஞ்ஞானிங்க எழுதுறப்ப நம்ம கட்டுரைய பேர் சொல்லி எழுதுறதுண்ணே."

"முப்பத்தேழு பேரா? வெளிநாட்டுலயா?"

"ஆமா."

"அடி ஆத்தி."

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், முட்டை, போன் கார்ட்.

08.06.2005, புதன்

மழை விட்டு விட்டு. துணி காயவில்லை.

அண்ணன் போன். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவின் கடைசி நாள். அன்றைக்கே எனக்குப் பாராட்டு விழாவாம். அவன்தான் கோயில் கமிட்டிச் செயலாளர். றப்பர் ஸ்டோரில் வேலை முடிந்ததும் எஹலியகொடைக்குப் போய் பெனர் அடிக்கக் கொடுத்துவிட்டானாம்.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"ஒனக்காகன்னு நெனைச்சியா? கல்வி ஒபீஸ்லருந்து பெரிய ஐயா வர்றாரு. நம்ம ஸ்கூலுக்கு சயன்ஸ் டீச்சர் கேட்டு எத்தன தரம் போய் வந்திருக்கேன்! ஒன்னையக் காட்டிக் கேக்கப் போறேன். மெனேஜர் தொரயும் வர்றேன்னு சொல்லிட்டாரு."

வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மனதுக்குள் எந்தச் சேலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் கழுத்து நிறம். பிளவுஸ் பிடிக்குமா தெரியாது.

விண்ணப்பத்தோடு, மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் முதல் பக்கங்களையும் இணைக்க வேண்டும். நம் நூலகம் அந்த இதழ்களை எடுப்பதில்லை. ருவந்திக்கு ஈமெயில்: "நம்ம கட்டுரை 37! முடிந்தால் எல்லாவற்றையும் அனுப்பு, மகள்."

ஆச்சரியக்குறி வேறு போட்டேன்.

09.06.2005, வியாழன்

வெயில்.

ருவந்தியின் பதில் வந்தது. கட்டுரைகளும் வந்தன. நாலைந்தைத் திறந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

பிழை. நம் கட்டமைப்பு பிழை.

ஜப்பானில் ஒரு குழு அந்தச் சேர்வையை நாம் எழுதியபடியே ஆய்வுகூடத்தில் செய்து பார்த்திருக்கிறது. வந்தது வேறு பொருள். ஒரு ஐதரொட்சில் கூட்டத்தை நான் ஒரு காபனில் வைத்தேன். அது பக்கத்துக் காபனுக்குரியது. இடம் மாற்றிச் செய்தார்கள், அச்சாகப் பொருந்திவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் நம்மைச் சொல்வது இதற்காகத்தான். "பிழையாகத் தீர்மானிக்கப்பட்ட கட்டமைப்புகளுக்கு உதாரணம்", அதன் பக்கத்தில் சின்ன இலக்கம், கீழே என் பெயர். ஒருவர் எழுதியிருக்கிறார்: "மூல ஆசிரியர்கள் இதுவரை எதுவும் கூறவில்லை."

எதுவும் தெரியாதவள் என்னத்தைக் கூறுவது. தெரியாது என்பதுதான் அதைவிட வெட்கம்.

நம் சேர்வையின் பழைய ஸ்பெக்ட்ர வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். ஐதரொட்சிலின் இடத்தைக் காட்டும் சிகரம் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அன்று வேறொன்றைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன் போல.

ருவந்தி எழுதியது (ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்): "மிஸ்ஸுக்குத் தெரியும் என்று நினைத்தேன். கோபமாக இருக்கிறீர்களோ, அதனால்தான் அதைப் பற்றி எழுதுவதில்லையோ என்று இருந்துவிட்டேன். போன வருடம் எங்கள் குழுக் கூட்டத்தில் அந்தக் கட்டமைப்பைப் பலகையில் போட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்."

கெண்டீனில் சோறு எடுத்தேன். சாப்பிடவில்லை. தலைவர் அந்தப் பக்கத்து மேசையிலிருந்து கை காட்டினார். நானும் காட்டினேன். சிரித்தும் வைத்தேன்.

11.06.2005, சனி

எஹலியகொடை பஸ். நெரிசல். கைப்பிடி ஈரம்.

தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்திலேயே பெனர். என் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு குடுவை, அதிலிருந்து நீலப் புகை. "37 நாடுகள் போற்றும் எங்கள் தோட்டத்து விஞ்ஞானி." முப்பத்தேழு கட்டுரை முப்பத்தேழு பேராகி, முப்பத்தேழு பேர் முப்பத்தேழு நாடாகிவிட்டது.

முச்சக்கர வண்டிக்காரர் (கடைவீதி நானா, அண்ணனின் கூட்டாளி) காசு வாங்க மறுத்துவிட்டார். "ஒங்கள ஏத்துனதே பெருமை தானே டொக்டர்." இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனை ஸ்டோர் வாசலில் பிடித்தேன். மேலெல்லாம் றப்பர் ஷீட் புகை வாடை. ஜெனரேட்டருக்கு ஆள் விட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஒரு விசயம். அந்தக் கட்டுரை பிழையாப் போச்சு."

"என்னா பிழை?"

"நான் எழுதினது பிழைன்னுதான் அவங்கள்லாம் எழுதியிருக்காங்க."

என்னைப் பார்த்தான். புரிந்ததா, புரியவில்லையா, தெரியவில்லை. "எழுதியிருக்காங்கல்ல?"

"எழுதியிருக்காங்க. ஆனா..."

"அப்ப நாளைக்கு ஒண்ணும் சொல்லாத. தொரயக் கூப்புட்டாச்சு. ஒபீஸ் ஐயாவுக்கு வாகனம் பேசியாச்சு. பேசாம மாலையப் போட்டுக்கிட்டு எறங்கிரு."

அம்மா எங்கள் லயத்துக் காம்பராவுக்கு, வரிசை வீட்டில் அந்த ஒற்றை அறைக்கு, வெள்ளை அடித்து வைத்திருக்கிறாள். சுவரைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது.

12.06.2005, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவுபடுத்திக்கொள்வேன்.

மழை இல்லை. கோயில் முன்னால் பந்தல். கதிரைகள் போதாமல் ஸ்கூல் வாங்குகளைத் தூக்கி வந்தார்கள். முன்வரிசையில் துரை, கல்வி அலுவலக ஐயா, அதிபர். பின்னால் சனம். திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டைகள், மடிப்புக் கலையாமல்.

மேளம். மாலை. சால்வை. துரை சிங்களத்தில் நாலு வார்த்தை: "நம் தோட்டத்துக்குக் கீர்த்தி." அதிபர் பேசினார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். சத்தியமாக. நாலே வசனம். 'நான் ஒரு பிழை விட்டேன். மற்றவர்கள் அதைத் திருத்தினார்கள். அதனால்தான் என் பெயரை எழுதுகிறார்கள். விஞ்ஞானம் என்றால் அதுதான்.' பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க விஷயமும்கூட. அண்ணன் சொன்னதை மீறிச் சொல்வதென்றுதான் ஏறினேன்.

மைக் முன்னால் நின்றேன். வெள்ளை யூனிபோர்மில் பெண் பிள்ளைகள் கீழே தரையில். சனத்தைப் பார்த்தேன். என் வாய் சொன்னது:

"முப்பத்தேழு பேர். எல்லாம் பெரிய பெரிய கெம்பஸ்காரங்க. நம்ம ஓடைக்கரை மரத்தப் பத்தி எழுதியிருக்காங்க."

கைதட்டல். விசில். நிறுத்தவில்லை நான். "ஜப்பான்ல கூட அத செஞ்சு பார்த்திருக்காங்க" என்றேன். அது பொய்யில்லை. பொய்யைவிட மோசம்.

கல்வி அலுவலக ஐயா எழும்பி, "இப்படிப்பட்ட தோட்டத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லாதது எங்களுக்குத்தான் வெட்கம்" என்றார். அண்ணன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தான்.

அவருக்கு வெட்கமாம்.

பின்னேரம் அம்மா மாலையை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்ததுலருந்து ஒரு வாய் சரியா திங்கல. மேடையில மட்டும் பல்லக் காட்டுற. என்னா புள்ள?"

சொன்னேன். எல்லாவற்றையும். காபன், ஐதரசன் எல்லாம் விட்டுவிட்டு, பிழை என்பதை மட்டும்.

"அப்ப ஒன்னைய ஏசியா எழுதியிருக்காங்க?"

"ஏசல. மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க. பிழைன்னு."

"அது தெரிஞ்சேதான் மேடையில ஏறுனியா?"

"ஆமாம்மா."

அம்மா எழும்பிப் போய்ச் சாமி படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். பின் பக்கம் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டாள். திரும்பி வந்து, "அண்ணங்கிட்ட சொல்லிப்புடாத. அவன் தாங்க மாட்டான்" என்றாள்.

ஆடு பூவைத் தின்றுவிட்டு நாரை விட்டுவிட்டது.

13.06.2005, திங்கள்

திரும்ப மழை. றப்பர் பால் வெட்டு இல்லை. லயத்தில் எல்லாரும் வீட்டில்.

பட்டை எடுக்க ஓடைக்குப் போனேன். திரும்பப் பிரித்தெடுத்து, நானே பார்க்க வேண்டும். அட்டை கடிக்குமென்று சவர்க்காரத் துணியோடு அண்ணனும் கூட வந்தான். மரம் இருக்கிறது. நாங்கள் அன்று வெட்டிய இடம் பருத்து மூடியிருக்கிறது.

"மறுபடியும் எதுக்கு? அதான் எழுதியாச்சே."

அம்மா பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். இந்த முறை அவனுக்குப் புரியும்படி. கத்தியைப் பட்டையிலேயே குத்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"முப்பத்தேழும் இப்புடித்தானா?"

"ஆரம்பத்துல ஒரு நாலு இல்ல. மத்ததெல்லாம் அனேகமா இப்புடித்தான்."

"நேத்து ஏன் சொல்லல?"

"நீதானே சொல்லாதன்ன."

"நான் சொன்னா? நான் எட்டாம் வகுப்பு. என் பேச்ச நீ என்னிக்கிக் கேட்ட? கல்யாணம் கட்டுன்னேன், கேட்டியா? கொழும்புக்கு மாத்திக்கன்னேன், கேட்டியா? இத மட்டும் கேட்டுக்கிட்டியாக்கும்!"

கத்தியைப் பிடுங்கி நானே பட்டையை வெட்டிப் பைக்குள் போட்டேன்.

"அந்த ஐயா மூஞ்சில இனி நான் எப்புடி முழிக்கிறது? ஒன்னைய வச்சு டீச்சர் கேட்டேனே."

பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பஸ்ஸுக்கு வழியனுப்ப வரவில்லை. அம்மாதான் சந்திவரை வந்தாள். பெனருக்குக் கீழேயே நின்று பஸ் பிடித்தேன், வேறு தரிப்பிடம் இல்லை.

15.06.2005, புதன்

பட்டை உலர்த்த வைத்தேன். மின்விசிறி போதவில்லை.

தலைவரிடம் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரோஜா, விண்ணப்பம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. காரணத்தைக் கேட்கவில்லை. மேற்கோள் என்றால் மேற்கோள்தான்." பிறகு குரலைக் குறைத்து, "அனே, யார் உட்கார்ந்து அதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள்?"

கெட்ட மனிதரில்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். ஆறுதலாகவும் இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். அறைக்கு வந்து பகுதி ஐந்தில் 37 என்று மையால் எழுதினேன்.

மத்தியானம் கொமியுனிகேஷன் கடைக்குப் போய் ருவந்திக்கு அழைப்பு. அங்கே விடியற்காலை. எழுப்பிவிட்டேன். எங்கள் பேச்சு எப்போதும் போல சிங்களத்தில்.

"மிஸ், பரவாயில்லை, மிஸ் கவலைப்படாதீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"அங்கே குழுவில் உன்னிடம் ஏதாவது கேட்டார்களா?"

லைன் அறுந்ததோ என்று நினைத்தேன்.

"ருவந்தி?"

"ஸ்பெக்ட்ரத்தை யார் வாசித்தது என்று பேராசிரியர் கேட்டார். கேட்டுவிட்டு, அவரே சொன்னார், மாணவிதான் வாசித்திருப்பாள் என்று. அதற்குப் பிறகு என் முடிவுகளை எல்லாம் வேறொருவர் திரும்பச் செய்து பார்ப்பார். என்னிடம் சொல்லாமல்."

"நான்தான் வாசித்தேன் என்று நீ சொல்லவில்லையா?"

"எப்படி மிஸ் சொல்வது? நீங்க என் மிஸ்."

கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அதை விட்டுவிட்டு நடந்திருக்கிறேன்.

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை என் பிழையைச் சுமந்துகொண்டு அந்தக் குளிரில். நான் இங்கே சேலை தெரிவு செய்துகொண்டு.

17.06.2005, வெள்ளி

விண்ணப்பத்தின் கடைசி நாள்.

காலையில் முதல் வேலை: இதழுக்குத் திருத்தம். இரண்டு பந்தி. நாலு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் சாக்குகள் வந்துவிட்டன: கருவி பழையது, நூலகத்தில் இதழ் இல்லை, மின்வெட்டு. எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சியது: ஜப்பானியக் குழு சொல்வது சரி. பிரித்தெடுப்பையும் அளவீடுகளையும் செய்தவர் ருவந்தி. அவற்றில் பிழை இல்லை. அவற்றை வாசித்துக் கட்டமைப்பை எழுதியவள் நான் மட்டும். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

அனுப்பினேன். பிரதி ருவந்திக்கு. அவளுடைய பேராசிரியருக்கும்.

பிறகு பகுதி ஐந்து. 37க்குக் கீழே எழுதினேன்: "இவற்றுள் பெரும்பாலானவை எமது கட்டமைப்பு பிழையானதெனக் காட்டுபவை. பிழை என்னுடையது."

தலைவர் வாசித்தார். "இதைச் சொல்லத்தான் வேண்டுமா? வேறு தாளில் எழுதித் தாருங்கள், இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்."

"இருக்கட்டும், சேர்."

கையெழுத்துப் போட்டுத் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைவராக இருக்கும் துறைக்கும் இது இழுக்குத்தானே. அது அப்போதுதான் உறைத்தது.

நல்லது செய்த உணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தலையிடி. பனடோல் இரண்டு.

24.06.2005, வெள்ளி

அண்ணன் போன். அந்தத் திங்களுக்குப் பிறகு இன்றுதான்.

"கல்வி ஒபீசுக்குப் போயிருந்தேன்."

"எதுக்குண்ணே?"

"சொல்லிட்டு வரத்தான். தங்கச்சி எழுதினது பிழையாம், நாங்க தெரியாம மேடையில பேசிட்டோம்னு. பெறகு தெரிய வந்தா, பொய் சொல்லி டீச்சர் வாங்குன தோட்டம்னு பேராயிரும்ல. நம்ம பிள்ளைங்களுக்குத்தானே அந்தப் பேரு."

'நாங்க தெரியாம.' என்னையும் அந்த 'நாங்க'வுக்குள் போட்டு மூடியிருக்கிறான். எனக்குத் தெரிந்திருந்தது என்பதைச் சொல்லவில்லை.

"ஐயா என்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. மேற்கோளப் பார்த்தெல்லாம் டீச்சர் குடுக்கிறதில்ல, ஆளே இல்லன்னாரு. பார்ப்பமாம்."

"மன்னிச்சுக்கண்ணே."

"சரி சரி. அம்மாவுக்கு இருமல். வர்றப்ப நல்ல மருந்தா வாங்கிட்டு வா." வைத்துவிட்டான்.

அம்மாவைக் கூப்பிடச் சொல்லவில்லை நான். அவளும் போனுக்கு வரவில்லை.

18.07.2005, திங்கள்

விடியச் சாரல், பிறகு வெயில்.

பதவி இல்லை. இந்த முறை இல்லை என்று தலைவர் நடைபாதையில் வைத்துச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் திரும்பப் போடலாமாம்.

திருத்தத்தை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. ருவந்தி எழுதியிருந்தாள்: அவளுடைய பேராசிரியர் அதைக் குழுக் கூட்டத்தில் வாசித்தாராம். பிறகு அவளிடம் வந்து, "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எழுதவில்லை.

கசப்பு மரப் பட்டை வேலை முடிந்தது. கொழும்பில் நல்ல கருவியில் எடுத்த ஸ்பெக்ட்ரம் போன கிழமை வந்தது. பக்கத்துக் காபன்தான். ஜப்பான்காரர்கள் சரி.

இன்று மூன்றாம் வருட வகுப்பு. ஸ்பெக்ட்ரம் வாசிக்கும் பாடம். பழையதைப் போட்டேன், பக்கத்தில் பழைய கட்டமைப்பையும். "இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்வதாகத்தான் வகுப்புக்குப் போனேன். கடைசி நேரத்தில் பழையபடி விட்டுவிட்டேன்.

பலாங்கொடைப் பிள்ளை ஒருத்தி, முன்வரிசை, சீக்கிரமே கையை உயர்த்திவிட்டாள். சரியான சிகரத்தைக் காட்டினாள். பின்வரிசையில் ஒருவன் சிங்களத்தில், சத்தமாகவே: "யாரடா இந்த மடையன்?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "யாரு மிஸ் இத எழுதினது?"

திரையைப் பார்த்தபடி, "நான்தான்" என்றேன். அவனுக்கும் விளங்கட்டும் என்று அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்தச் சிரிப்பே தேவலை போலிருந்தது.

பிறகு அந்தப் பிள்ளை, "மிஸ், சரியானதையும் போடுவீங்களா?" என்றாள்.

போட்டேன்.